எந்தத் தண்ணீரில் குளித்தான்?

கோடை விடுமுறை வந்துவிட்டால் பட்டணத்துக் குடும்பங்களில் பாதி ஊருக்குக் கிளம்பிவிடும். சென்னையில் ‘ஷவரை’த் திறந்துவிட்டு எண்ணி இரண்டு நிமிஷம் குளித்துப் பழகிய குழந்தைகள், தாத்தா வீட்டுத் தோட்டக் கிணற்றைப் பார்த்தவுடன் என்ன பாடுபடுத்தும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சகோதரிகளே, இந்த வாரம் அந்தக் கிணற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அத்துடன் நான் செய்த ஒரு பெரிய அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடப் போகிறேன். முப்பது வருஷம் குழந்தை வைத்தியம் பார்த்தவள் இப்படிச் செய்யலாமா என்று நீங்கள் கேட்டால், கூடாதுதான்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் பெரம்பலூருக்குப் பக்கத்தில் உள்ள வேப்பந்தட்டை. பச்சைமலைக்குக் கீழே பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற பூமி. காவேரிப் பாய்ச்சல் கிடையாது. கிணறுகள்தான் அந்த ஊருக்கு உயிர். சாதாரணக் கிணறுகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம், அத்தனை அகலம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் மேலே வரும். சித்திரை, வைகாசியில் அடியில் நாலைந்து முழம்தான் நிற்கும். அதுவும் வெயிலில் காய்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். ஊர்ப் பிள்ளைகள் படியில் இறங்கி, முங்கு நீச்சல் அடித்து, தரையைத் தொட்டதற்கு அடையாளமாகக் கை நிறைய அடிமண் அள்ளிக்கொண்டு மேலே வருவார்கள். யார் அதிகம் மண் எடுத்தானோ அவனே அன்றைக்கு ராஜா!

2024-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் என் ஓரகத்தியின் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஒன்பது வயது. அவளை ‘அப்பாயி’ என்றும் என்னை ‘டாக்டர் அப்பாயி’ என்றும் கூப்பிடுவான். அவனுடைய அப்பா தினமும் போன் செய்து, “கிணத்துப் பக்கம் மட்டும் விடாதீங்கம்மா” என்று படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். காரணம் இருந்தது. அந்த மாதம் கேரளத்தில் மலப்புறம் ஜில்லாவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, ஆற்றில் குளித்த பிறகு மூளை ஜுரம் கண்டு இறந்துபோனாள். தண்ணீரில் இருந்த அமீபா என்னும் கிருமி மூக்கு வழியாக மூளைக்குப் போய்விட்டது என்று பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அதைப் படித்த எந்தத் தகப்பனுக்குத்தான் வயிற்றைக் கலக்காது?

ஒரு நாள் இரவு பயலுக்கு ஜுரம். 102 டிகிரி. தலையை வலிக்கிறது என்றான். பகல் முழுவதும் வெயிலில் ஆடியிருக்கிறான், சூடு ஏறியிருக்கிறது என்று எண்ணி, பாரசிட்டமால் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுக்க வைத்தேன். இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தான். வாந்தி என்றால் குமட்டிக் குமட்டி வருவது அல்ல, பீய்ச்சி அடித்தது. விளக்கைப் போட்டேன், கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். “கண்ணு, குனிஞ்சு உன் தொப்புளைப் பாரு” என்றேன். முடியவில்லை. கழுத்து கட்டையாக நின்றது.

அப்பொழுதுதான் எனக்குச் சுருக்கென்றது. “எங்கேடா குளிச்சே?” என்று கேட்டேன். அவன் வாயைத் திறக்கவில்லை. என் ஓரகத்தி முந்திக்கொண்டு, “வீட்டுத் தொட்டியிலதான் குளிச்சான், வேற எங்க போவான்?” என்றாள். நானும் நம்பிவிட்டேன். ஜாமான்களைக் கட்டிக்கொண்டு திருச்சிக்குக் கார் கிளம்புகிற சமயத்தில், பக்கத்து வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பையன் வாசலில் வந்து நின்று, மென்று விழுங்கிக்கொண்டு சொன்னான்: “டாக்டர் அப்பாயி, அவன் மூணு நாளா எங்ககூட முங்கி அடிமண்ணு எடுத்தான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்.”

என் ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். மகன் வைவானே என்று மறைத்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கிணற்றங்கரையில் குழந்தை சிரிப்பதைப் பார்த்தால் எந்தப் பாட்டிக்குத்தான் ‘வேண்டாம்’ என்று சொல்ல மனம் வரும்? கோபமெல்லாம் என்மேல்தான். அந்தக் கேள்வியை நான் இரவு எட்டு மணிக்கே கேட்டிருக்க வேண்டும். அதுவும் அடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

இந்த அமீபாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நெக்லேரியா ஃபௌலரி என்பது அதன் பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் ஐம்பது அமீபாக்களை வரிசையாக நிறுத்தலாம், அத்தனை சிறியது. ஆறு, குளம், கிணறு, சரியாகப் பராமரிக்காத நீச்சல் குளம் ஆகிய இடங்களில் அடியில் உள்ள சேற்றிலும் பாசியிலும் பாக்டீரியாக்களைத் தின்று சுகமாக வாழ்கிறது. உஷ்ணம் அதற்கு மிகவும் பிடிக்கும். 46 டிகிரி சென்டிகிரேட் வரையில் தாங்கும். கடல் நீரில் அது இருப்பதில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் ஒன்றும் செய்யாது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவும் தொற்றாது. ஆனால் மூக்கில் வேகமாக ஏறிவிட்டால்தான் அபாயம். மூக்கின் உச்சியில் சல்லடை போன்ற மெல்லிய எலும்பு ஒன்று உண்டு. வாசனையை அறியும் நரம்புகள் அதன் துவாரங்கள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. அமீபாவும் அதே பாதையில் ஏறிவிடுகிறது. மூக்கைப் பிடிக்காமல் தலைகீழாகப் பாய்ந்து, அடிச்சேற்றைக் கலக்கி, மண் அள்ளுகிற விளையாட்டு அதற்கு எவ்வளவு சௌகரியமானது, பாருங்கள்!

குளித்து ஒன்றிலிருந்து பன்னிரண்டு நாட்களுக்குள், பெரும்பாலும் ஐந்தாம் நாள் வாக்கில், நோய் தலைகாட்டும். முதலில் நெற்றியைப் பிளக்கும் தலைவலி, ஜுரம், குமட்டல், வாந்தி. சில குழந்தைகள் சாப்பாட்டில் வாசனையே இல்லை, ருசி மாறிவிட்டது என்று சொல்லுமாம். அதற்கப்புறம் கழுத்து விறைக்கும், வெளிச்சம் கண்ணைக் கூசும், பேச்சு குழறும், ஆளைத் தெரியாது, வலிப்பு வரும், நினைவு தப்பும். எல்லாம் மளமளவென்று நடக்கும். காலையில் ‘தலைவலி’ என்ற குழந்தை மறுநாள் தாயையே அடையாளம் தெரியாமல் பார்க்கும். பெரும்பாலானவர்கள் அறிகுறி தோன்றிய ஐந்தாறு நாட்களிலேயே இறந்துபோயிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை இந்த நோய் கண்ட 164 பேரில் பிழைத்தவர்கள் நால்வர்தான்.

கைக்குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. கழுத்தும் விறைக்காமல் இருக்கலாம். ஆகையால் எந்த வகை மூளை ஜுரமானாலும், பச்சைக் குழந்தையிடம் வேறு அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும். உச்சிக்குழி புடைத்துக்கொண்டு நிற்கிறதா, பால் குடிக்க மறுக்கிறதா, தூக்கினால் சமாதானமாகாமல் கீச்சென்று அழுகிறதா, எழுப்பினாலும் எழுந்திராமல் துவண்டு கிடக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இந்த வியாதியின் முக்கியமான விஷமம் என்னவென்றால், சாதாரண பாக்டீரியா மூளை ஜுரத்தைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு வருவதுதான். அதை முதன்முதலில் கண்டெழுதியவர்களே அப்படித்தான் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்து டாக்டர்கள் ஃபௌலர், கார்ட்டர் என்ற இருவர் 1965-இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பிலேயே, சீழ் பிடித்த மூளை ஜுரம் என்றுதான் இருக்கிறது. அவர்கள் பார்த்த நோயாளிகள் போர்ட் அகஸ்டா என்ற வறண்ட பிரதேசத்தவர்கள். அங்கே குடிநீர் வெகு தூரத்திலிருந்து, தரைக்கு மேலே போட்ட குழாய்களில், வெயிலில் காய்ந்துகொண்டே வந்தது! அந்த ஃபௌலரின் பெயரைத்தான் பிற்பாடு இந்த அமீபாவுக்கு வைத்தார்கள். நமது தேசத்தில் 1971-லேயே கல்கத்தாவில் இரண்டு குழந்தைகளுக்கு இந்நோய் கண்டதாக டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே நேற்று முளைத்த வியாதி அல்ல.

வேஷத்தைக் கலைப்பதற்கு ஒரே வழி, முதுகுத் தண்டில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றி ஓடும் நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பதுதான். இந்த இடத்தில் தாய்மார்கள் தகராறு செய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். “முதுகிலே ஊசி போட்டால் கால் விழுந்துவிடுமாமே!” என்பார்கள். விழாது, அம்மா. தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, வெறும் நீரும் நரம்பு இழைகளும் உள்ள இடத்தில்தான் ஊசி செல்கிறது. மூளைக்குள் அழுத்தம் அதிகமாயிருக்கிறதோ என்று சந்தேகப்பட்டால் டாக்டர்களே முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். கையெழுத்துப் போடத் தயங்கி, மாமனாரைக் கேட்கிறேன், மைத்துனரைக் கேட்கிறேன் என்று ஓட்டுகிற ஒவ்வொரு மணி நேரமும் குழந்தையின் கணக்கில்தான் பற்று எழுதப்படுகிறது.

அந்த நீர் ஒரு ஜாதகம் மாதிரி. சீழ் அணுக்கள் நிறைந்து, சர்க்கரை குறைந்திருந்தால் பாக்டீரியா. சர்க்கரை சரியாக இருந்து, வேறு வகை வெள்ளணுக்கள் இருந்தால் பெரும்பாலும் வைரஸ். இரண்டு மூன்று வாரமாக மெள்ள மெள்ள இளைத்து, சிடுசிடுத்து வந்த குழந்தையானால் க்ஷயரோகத்தை நினைக்க வேண்டும். நம் நாட்டில் இதை ஒரு நாளும் மறக்கக் கூடாது. அமீபாவோ பாக்டீரியா மாதிரியே சீழும் குறைந்த சர்க்கரையும் காட்டும், ஆனால் தேடினால் பாக்டீரியா கிடைக்காது. எடுத்த சொட்டைச் சூடு ஆறுவதற்குள் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், அமீபா ஊர்ந்து நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஆறிப்போனாலோ, ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டாலோ அது அசையாமல் கிடக்கும். வெள்ளணு என்று எண்ணி விட்டுவிட வாய்ப்புண்டு. சொட்டை உடனே பார்க்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்ற வேண்டுமானால், குழந்தை எந்தத் தண்ணீரில் குளித்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது நீங்களும் நானும்தான்.

ஒரு தகப்பனார் சொன்னார். கோழிக்கோடு ஜில்லாவில் திக்கோடி என்ற ஊரைச் சேர்ந்தவர். அவருடைய பதினாலு வயது மகனுக்கு 2024 ஜூலையில் தலைவலியும் ஜுரமும் கண்டது. அதற்குள் கேரளத்தில் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்திருந்தார்கள். கண்ணூர்ச் சிறுமி ஒருத்தி, பதின்மூன்று வயது. கோழிக்கோடு பக்கம் ஃபெரோக்கில் பதினாலு வயதுப் பையன் ஒருவன். இந்தச் செய்திகளைப் படித்திருந்த அந்தத் தகப்பனார், மகன் குளத்தில் குளித்ததைத் தாமாகவே டாக்டர்களிடம் சொல்லிவிட்டார். உடனே பரிசோதனை, உடனே மருந்து. மில்டெஃபோசின் என்பது அந்த மருந்துகளில் ஒன்று. பீஹாரில் காலா அஸார் ஜுரத்துக்காக நம் நாடு 2002-இல் அங்கீகரித்த அதே மருந்துதான்! ஆம்ஃபோடெரிசின் முதலிய வேறு மருந்துகளுடன் சேர்த்து அதைக் கொடுக்கிறார்கள். பையன் அதே மாதத்தில் பிழைத்து வீடு திரும்பினான். இந்தியாவில் இந்த நோயிலிருந்து மீண்ட முதல் ஆள் அவன்தான் என்று அறிவித்தார்கள். அந்த மாதமே கேரள அரசாங்கம் இந்நோய்க்கென்று சிகிச்சை முறைகளை வகுத்து வெளியிட்டது. நம் தமிழ்நாட்டு சுகாதாரத் துறையும் நீர்நிலைகளைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லி அறிவிப்பு அனுப்பியது. 2025-லும் கேரளத்தில் இந்த அமீபா ஜுரங்கள் பலருக்குக் கண்டன. இறந்தவர்களும் உண்டு, சீக்கிரம் கண்டுபிடித்ததால் பிழைத்தவர்களும் உண்டு.

“எங்கள் பிள்ளைகள் கிணற்றையே பார்த்ததில்லை, மாடி வீட்டில் இருக்கிறோம்” என்கிறீர்களா? சற்று இருங்கள். கராச்சியில் 2008, 2009-ஆம் வருஷங்களில் 13 பேர் இந்நோயால் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நீந்தவே போகாதவர்கள். தொழுகைக்கு முன் சுத்தி செய்துகொள்ளும்போது மூக்கில் ஏற்றிய குழாய்த் தண்ணீரில்தான் சந்தேகம் விழுந்தது. அமெரிக்காவில் லூசியானாவில் 2011-இல் இறந்த இருவர், சளிக்காகக் குழாய்த் தண்ணீரை மூக்கில் விட்டுக் கழுவிக்கொண்டவர்கள். ஜலநேதி செய்கிற சகோதரிகள் கவனிக்க வேண்டும். நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு எதையும் மூக்கில் விடாதீர்கள். இன்னொன்று, பிள்ளை குளிப்பாட்ட வருகிற பாட்டிமார்கள் கைக்குழந்தையின் மூக்கில் தண்ணீர் விட்டு ஊதிச் சுத்தம் செய்கிற வழக்கம் இருக்கிறதே, அதை அன்பாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். பாட்டிக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஒரு டம்ளர் காப்பியில் சரியாகிவிடும்.

ஒட்டுண்ணிகளால் வருகிற மூளை நோய் இது ஒன்றுதானா என்றால், இல்லை. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு நத்தை மூலமாக மனிதர்களிடம் வந்து, கடுமையான தலைவலியையும் தோலில் ஊசி குத்துகிற மாதிரி வலியையும் உண்டாக்கும். முதுகு நீரில் ஈஸினோஃபில் அணுக்கள் ஏராளமாகத் தெரியும். பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகிவிடும். தோட்டத்தில் நத்தையைப் பிடித்து விளையாடுகிற குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; பச்சைக் கீரைகளை நன்றாக அலசுங்கள். நாடாப்புழுவின் முட்டையால் வருவது இன்னொரு வகை. அதில் மூளை ஜுரத்தைவிட வலிப்புதான் அதிகம். க்ஷயரோகக் கட்டி என்று நினைத்த பல சிறு கட்டிகள் இந்தப் புழுவின் கூடுகளே என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 1989-இல் எழுதி உலகத்துக்குக் காட்டினார்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கமே விடாமல் கட்டிப்போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆண்டாண்டாக லட்சக்கணக்கான பிள்ளைகள் ஆற்றிலும் குளத்திலும் குளித்துவிட்டுச் சுகமாகத்தான் இருக்கிறார்கள். நோய் மிக அபூர்வம். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அடிச்சேற்றைக் கலக்க விடாதீர்கள். தலை தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். குதித்தே தீருவேன் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கட்டும், அல்லது கடையில் விற்கும் மூக்குக் கிளிப்பை மாட்டிக்கொள்ளட்டும். பட்டணத்து நீச்சல் குளமானால் குளோரின் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். குளோரினுக்கு இந்த அமீபா தாங்காது. வீட்டுக் கிணற்றுக்கு 1000 லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். பழைய காலத்துக் கிழவர்கள் கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டு, “மூக்கைப் புடிச்சுக்கிட்டு குதிடா!” என்று அதட்டுவார்களே, அமீபாவைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் இன்றைய டாக்டர்கள் சொல்வதும் அதைத்தான்.

பயலின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். திருச்சியில் விடிகிற வேளைக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நின்ற இளம் டாக்டரிடம் முதல் வார்த்தையாகக் கிணற்றைச் சொன்னேன். அவர் முதுகு நீரை எடுத்து, குழாயைத் தம் கையாலேயே பரிசோதனைச் சாலைக்குக் கொண்டுபோய், அப்பொழுதே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னார். நாங்கள் நடையில் காத்திருந்தோம். என் ஓரகத்தி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கை ஜில்லென்றிருந்தது. அரை மணியில் அவர் வெளியே வந்தார். அமீபா இல்லை, சீழ் இல்லை, சர்க்கரை சரியாக இருக்கிறது, வைரஸாகத்தான் தெரிகிறது என்றார். ஆறாம் நாள் பயல் எழுந்து உட்கார்ந்து, இட்லிக்குச் சட்னி காரமாக இல்லை என்று குறை சொன்னான். அவன் பிழைத்ததில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. வந்தது வைரஸ், அவ்வளவுதான். அமீபாவாக இருந்திருந்தால், அந்த ஆறு மணி நேரத்தை எனக்கு யார் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்?

அவன் அப்பா வந்தபோது என் ஓரகத்தியே முன்னால் போய் நின்று, “நான்தான் விட்டேன், நான்தான் மறைச்சேன்” என்றாள். அவன் ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அதற்கடுத்த கோடையில் பயல் மறுபடி வேப்பந்தட்டைக்கு வந்தான். கிணற்றுக்கும் போனான். ஆனால் முதல் நாளே அப்பாயி அவனைத் திண்ணையில் நிறுத்தி, “எங்கே, மூக்கைப் புடிச்சுக் காட்டு” என்றாள். அவன் காட்டினான். “இன்னும் கெட்டியா” என்றாள்.